சொப்பிங் பேக்குக்கு ஏன் காசு? மட்டக்களப்பு, அம்பாறைக் கழிவுகள் போகும் வழி

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் கைப்பிடியுள்ள பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை விதித்தது. பையின் விலையைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும், பற்றுச்சீட்டிலும் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். அதோடு சனங்களிடம் மூன்று கேள்விகள் எழுந்தன. இந்தக் காசு யாருக்குப் போகிறது? பைக்குச் சில ரூபாய் வாங்கினால் சுற்றாடல் தப்பிவிடுமா? ஆலைகளும் ஹோட்டல்களும் கழிவைக் கொட்டிக்கொண்டிருக்க, மரக்கறி வாங்க வருகிறவரின் தலையில் மட்டும் ஏன் இந்தச் சுமை?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். இது அரசாங்கம் அறவிடும் வரியன்று, பையின் விலை. கடைக்காரரே அதை எடுத்துக்கொள்கிறார். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேட வேண்டுமானால் நமது வீட்டுக் குசினியிலிருந்து வயல், ஆலை, வாவி வரை கழிவு போகும் பாதையைப் பின்தொடர வேண்டும்.

## சட்டம் வந்த வழி

பொலித்தீனுக்கு எதிரான விதிகள் திடீரென்று முளைத்தவையல்ல.

1. 2007 இல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் கொண்ட பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெல்லிய பை ஒரு தடவைக்கு மேல் உதவாது, பொறுக்கி எடுப்பவருக்கும் நிறை தேறாது. அதனால்தான் தடிப்பில் கை வைத்தார்கள்.

2. 2017 செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி, உயரடர்த்திப் பொலித்தீன் பை ஆகியவற்றுக்குத் தடை வந்தது.

3. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களுக்கான 20 மில்லிலீற்றர், 20 கிராம் வரையிலான சிறிய பைக்கற்றுகளும், விவசாய இரசாயனங்களை அடைக்கும் பெற் (PET), பி.வி.சி. (PVC) பிளாஸ்டிக் போத்தல்களும், பிளாஸ்டிக் தண்டுள்ள காதுக்குச்சிகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

4. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு, யோகட் கப் தவிர்ந்த கோப்பை, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியவை தடைசெய்யப்பட்டன.

5. 2025 நவம்பரில் வந்தது தடை அல்ல. சும்மா கிடைத்த பொருளுக்கு விலை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தடையைவிட விலை சில வேளைகளில் நன்றாக வேலை செய்யும். அயர்லாந்து 2002 இல் பை ஒன்றுக்கு 15 யூரோ சதம் அறவிடத் தொடங்கியபோது பாவனை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுந்தது. சும்மா கிடைக்கும் பையை மூன்றாக வாங்குகிற கை, காசு என்றதும் ஒன்றில் நிற்கிறது அல்லது வீட்டிலிருந்தே பை கொண்டுவருகிறது.

அதற்காகப் புதுப் பருத்திப் பைகளை வாங்கி அடுக்குவதும் சரியல்ல. பருத்திக்கு நீர், உரம், நெசவு, சாயம் எல்லாம் செலவாகின்றன. ஐக்கிய இராச்சியத்தின் சுற்றாடல் முகவரகம் 2011 இல் வெளியிட்ட கணக்கின்படி, காலநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தால் ஒரு பருத்திப் பையை 131 தடவை பாவித்தால்தான் ஒருமுறை பாவித்து எறியும் மெல்லிய பொலித்தீன் பையைவிட அது இலாபம். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பைதான் மிக நல்ல பை. வெறுமையான அரிசிப் பையை மடித்துத் தைத்துக் கைப்பிடி போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். பனையோலைப் பெட்டியும் பன்பையும் இந்தப் பக்கத்துக் கைவேலை, வாங்கினால் காசு ஊரில் தங்கும்.

## வாவியின் வாய் சிறிது

இதே கழிவு இன்னோர் ஊரில் செய்யும் கேட்டைவிட நமது பக்கத்தில் அதிகம் செய்வதற்கு நில அமைப்பு ஒரு காரணம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அவ்வளவு நீளத்துக்கும் கடலோடு சேரும் இடங்கள் பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாறும்தான். வாய் குறுகிய குடம் போன்றது அது. வயல்களின் வடிநீர், நகரத்தின் வடிகான், ஆலைக் கழிவுநீர் எல்லாம் அதற்குள் இறங்குகின்றன. அம்பாறை மாவட்டத்தின் வடபகுதி வயல்களின் வடிநீரும் வாவியின் தென்கரையில்தான் சேர்கிறது. ஆகவே மாவட்ட எல்லை காகிதத்தில் இருக்கிறதே தவிர, தண்ணீருக்கு அது கிடையாது.

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கொட்டும். அப்போது வெள்ளம் முகத்துவாரத்தைத் திறந்துகொண்டு போகும், சில வருடங்களில் வெட்டியும் விட வேண்டிவரும். கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கும். இதன் விளைவு படிப்படியாக வருகிறது:

1. வயலிலிருந்து வந்த நைதரசனும் பொசுபரசும் தேங்கி நிற்கும் நீரில் சேர்கின்றன.

2. அவற்றைத் தின்று பாசி பெருகுகிறது. உப்புக் குறைந்த பகுதிகளில் சல்பீனியா, ஆற்றுவாழை என்ற நீர்க்களைகள் படர்கின்றன. கிட்டங்கிப் பக்கம் தண்ணீரே தெரியாமல் பச்சையாகக் கிடப்பது இதனால்தான்.

3. படர்ந்தவை செத்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனை நுண்ணுயிர்கள் குடித்துத் தீர்க்கின்றன.

4. ஒட்சிசன் இல்லாத நீரில் மீன் மூச்சுவிட முடியாது. ஒரே இரவில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் இப்படித்தான். யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஊரே சந்தேகப்படும், உண்மையில் பல மாதமாகச் சேர்ந்த கழிவின் கணக்கு அன்றைக்குத் தீர்கிறது.

வாவிக் கரையில் நிற்கும் கண்ணாக் காடு (சதுப்புநிலக் காடு) இந்தச் சேற்றையும் சத்தையும் ஓரளவு பிடித்து நிறுத்தும். இறால் குஞ்சும் நண்டும் கொடுவாவும் வளரும் தொட்டிலும் அதுதான். வேலிக்கும் விறகுக்கும் வெட்டி, மண் போட்டு நிரப்பிக் காணி பிடிக்கும்போது வாவியின் வடிகட்டியைத்தான் பிடுங்குகிறோம். சிறுதோணியில் வலை போடுகிற குடும்பத்தின் சோறு இதில் இருக்கிறது. இதைச் சூழல் ஆர்வலர்களின் கவலை என்று ஒதுக்கிவிடுவது அநியாயம்.

## குசினியிலிருந்து பள்ளக்காடு வரை

இலங்கையில் உள்ளூராட்சி சபைகள் அள்ளும் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் கழிவு. மரக்கறித் தோல், மீன் குடல், சோறு, தேங்காய்ப்பூச் சக்கை, இலை தழை. இதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். அதாவது டீசல் செலவழித்து உழவு இயந்திரப் பெட்டியில் நாம் ஏற்றி அனுப்புவது பெரும்பாலும் தண்ணீரைத்தான்.

ஒரு வீட்டில் மீன் வெட்டுகிறார்கள். செதிலும் குடலும் நாறும் என்று ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, வாசலில் வைக்கிறார்கள். அந்த ஒரு முடிச்சில் மூன்று கேடு நடந்துவிடுகிறது. காற்றுப் புகாததால் உள்ளே உக்காமல் அழுகி மெதேன் வாயு உண்டாகிறது. மெதேன் நூறு வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு அளவில் வெப்பத்தைப் பிடிக்கும். இரண்டாவது, கழுவிக் காயவைத்தால் விற்கக்கூடிய பொலித்தீன் மீன் நாற்றம் பிடித்துப் பயனற்றுப் போகிறது. மூன்றாவது, அந்தப் பை உணவின் வாசனையைச் சுமந்துகொண்டு காட்டோரக் குப்பைமேட்டுக்குப் போகிறது.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டை உலகம் அறிந்தது இந்த மூன்றாவது காரணத்தால். சுற்றுவட்டார ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது, அதற்கு முந்திய எட்டு வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாகச் செய்தி வந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்தால் பொலித்தீனும் உணவு உறைகளும் செரிக்காத பொருட்களுமே. யானைக்குப் பொலித்தீன் மேல் ஆசை இல்லை. பொலித்தீனுக்குள் இருக்கும் சோற்றுக்கும் உப்புக்கும்தான் அது வருகிறது. பிரித்துத் தின்ன அதற்கு வழியில்லை, பையோடு விழுங்குகிறது. குடல் அடைபடுகிறது. பிறகு தின்னவும் குடிக்கவும் முடியாமல் படுத்துவிடுகிறது.

மின்வேலி போடுவது, குழி வெட்டுவது, காவல் வைப்பது என்று பல யோசனைகள் வந்தன. வேலி பழுதானதும் யானை உள்ளே வந்துவிடும். குப்பைமேட்டில் சாப்பாடு இருக்கும் வரை எந்த வேலியும் தற்காலிகம்தான். சாப்பாட்டை அங்கே போகவிடாமல் தடுக்கக்கூடிய ஓரிடம் வீட்டுக் குசினிதான்.

மட்டக்களப்பு நகரமும் தன் பாடத்தைப் படித்திருக்கிறது. கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன அதே 2017 இல் திருப்பெருந்துறைக் குப்பைமேடு தீப்பற்றி எரிந்தது, சுற்றியிருந்த மக்கள் புகையில் தவித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். கழிவு பின்னர் ஏறாவூர்ப்பற்றிலுள்ள கொடுவாமடுவுக்குப் போனது. இடம் மாறினால் நகரத்துக்கு நிம்மதி, ஆனால் கலந்த குப்பை போகுமிடமெல்லாம் அதே தீயையும் அதே நாற்றத்தையும் கொண்டுபோகும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றை அவற்றின் பலனுக்கேற்ப வரிசைப்படுத்துகிறேன்:

1. ஈரத்தையும் காய்ந்ததையும் பிரிப்பது. ஐந்து நிறப் பெட்டி முறை இருக்கிறது. பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. ஐந்தும் இயலாத வீட்டில் இரண்டு வாளி போதும். பலனில் முக்கால்வாசி அந்த இரண்டு வாளியிலேயே கிடைத்துவிடும்.

2. ஈரக் கழிவை வளவிலேயே முடிப்பது. அடி திறந்த பீப்பாயிலோ குழியிலோ ஒரு படை குசினிக் கழிவு, அதன்மேல் இரண்டு படை சருகு அல்லது வைக்கோல் என்று போட வேண்டும். குசினிக் கழிவில் நைதரசன் அதிகம், சருகில் காபன் அதிகம். நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நாற்றமில்லாமல் உக்கும். நாறினால் சருகு போதவில்லை என்று அர்த்தம். மீன் குடலை நடுவில் புதைத்து மூடினால் நாயும் ஈயும் வராது. வளவு இல்லாத காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் இதை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் கட்ட முடியாது. அங்கே ஈரக் கழிவைத் தனி நாளில் தனியாக எடுப்பது சபையின் வேலை.

3. காய்ந்ததைக் காய்ந்ததாகவே வைத்திருப்பது. பெற் போத்தல், தடித்த பிளாஸ்டிக், தகரம், கடதாசி நான்கையும் பழைய இரும்பு, போத்தல் எடுக்கிறவர் வாங்குவார். அவருக்குக் கொடுப்பதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. நமது ஊர்களில் மீள்சுழற்சியின் முதல் கண்ணி அவர்தான்.

4. எரிக்காதிருப்பது. வளவில் பொலித்தீனும் பி.வி.சி.யும் எரியும் புகையில் டயொக்சின் போன்ற நஞ்சுகள் வருகின்றன. அடுப்புத் தீ அவற்றைச் சிதைக்கும் அளவுக்குச் சூடாக எரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது அந்தப் புகை.

‘சிதையும் பொலித்தீன்’ என்று அச்சடித்து வரும் பைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்சியேற்றத்தால் சிதையும் வகை வெயிலில் துண்டு துண்டாகும், மண்ணாகாது. துண்டான பிளாஸ்டிக் வாவியில் மீனின் வயிற்றுக்கு இன்னும் இலகுவாகப் போகும். அப்படி அச்சடித்திருப்பதை நம்பி வெளியில் எறிவதைவிட, சாதாரணப் பையைப் பலமுறை பாவிப்பது மேல்.

## வைக்கோலுக்குத் தீ வைத்தால்

மாரிப்போக அறுவடை முடிந்ததும் பல வட்டைகளில் (வயல்வெளிகளில்) புகை எழும். இயந்திரம் வெட்டிப் போட்ட வைக்கோல் வரிசையாகக் கிடக்கும், உழுவதற்கு இடைஞ்சல் என்று தீ வைப்பார்கள். அந்தத் தீயில் போவது என்ன என்று கணக்குப் பார்க்கலாம்.

ஒரு தொன் நெல் விளைந்தால் ஏறக்குறைய ஒரு தொன் வைக்கோலும் வரும். அந்த வைக்கோலில் 15 கிலோ அளவில் பொட்டாசியம் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு தொன் விளைந்த வயலின் வைக்கோலில் 30 கிலோ. எம்.ஓ.பி. என்ற பொட்டாசிய உரத்தின் 50 கிலோ மூடை ஒன்றில் இருப்பது 25 கிலோ பொட்டாசியம். ஆக ஏக்கருக்கு ஒரு மூடை உரத்துக்கு மேல் வயலிலேயே கிடக்கிறது. எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். பொட்டாசியத்தில் பெரும்பங்கு சாம்பலில் தங்கும், ஆனால் குவியலாக எரித்த இடத்தில் மட்டும் தங்கும், முதல் மழையோடு வடிகாலில் இறங்கும்.

2021 ஏப்ரல் கடைசியில் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே நாளில் தடை அறிவித்து நவம்பரில் கைவிட்டபோது இந்தப் பக்கத்து விவசாயி பட்ட பாடு யாருக்கும் மறக்காது. அந்த அனுபவத்தால் ‘சேதனம்’ (இயற்கைப் பசளை) என்ற சொல்லே பலருக்குக் கசந்துவிட்டது. அது நியாயமான கசப்பு. உரத்தை ஒரே நாளில் பிடுங்குவதும், இருக்கிற வைக்கோலை எரிக்காமல் விடுவதும் வேறு வேறு காரியங்கள். இரண்டாவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

வைக்கோலை மண்ணில் புரட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. விதைப்புக்குச் சற்று முன்னர் புரட்டினால், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளடிக்கும், நீர் நின்றால் மெதேனும் கூடும். இரண்டு மூன்று கிழமை முந்தியே ஈர மண்ணில் புரட்டிவிட வேண்டும். மானாவாரி வயலில் மாரி அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் மாதக்கணக்கில் நேரம் இருப்பதால் இது கடினமில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல் தீனி. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டு போகும் காலத்தில் வட்டையில் தீனியை எரிப்பது பெரிய இழப்பு.

யூரியாவிலும் இதே கதைதான். அதில் 46 வீதம் நைதரசன். வயலில் போட்டதில் பயிர் எடுப்பது பொதுவாக மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். மிச்சம் காற்றுக்கும் வாவிக்கும். மழை கறுத்து நிற்கும் நாளில் எறியாமல், ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போட்டால், இலையின் பச்சையை ஒப்பிடும் இலை வர்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போட்டால், மூடையும் மிச்சம், வாவியும் மிச்சம். நீரை எப்போதும் கட்டி நிறுத்தாமல் இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சுவதால் மெதேன் பாதியளவுக்குக் குறையலாம், தண்ணீரும் மிஞ்சும். வாய்க்கால் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் விவசாயி வயலைக் காயவிடுவார். ஆகவே இது தனியொருவர் முடிவால் ஆகாது. போக ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் வட்டவிதானைமாரும் (வயல்வெளிப் பொறுப்பாளர்களும்) கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து முறை வைக்க வேண்டிய விடயம்.

## அரிசி ஆலை: உமியும் ஊறல் தண்ணீரும்

சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர், ஏறாவூர்ப் பக்கங்களில் சிறிதும் பெரிதுமாக ஆலைகள். இந்தப் பக்கம் புழுங்கல் அரிசிக்கு வாடிக்கை அதிகம், ஆலைக் கழிவின் தன்மையைத் தீர்மானிப்பதும் அதுதான். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் காயப்போட்டுப் பிறகு குற்றுகிறார்கள்.

ஒரு கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றரோ சற்றுக் கூடவோ ஊறல் தண்ணீர் வெளியேறும். மஞ்சள் கலந்த, புளித்த வாடை வீசும் தண்ணீர். நெல்லிலிருந்து கரைந்த மாப்பொருளும் சீனியும் புரதமும் அதில் இருக்கின்றன. நஞ்சு எதுவும் இல்லையே, நெல் ஊறிய தண்ணீர்தானே என்று ஆலைக்காரர் கேட்பார். நஞ்சில்லைதான். ஆனால் வாய்க்காலில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கி நீரின் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். எவ்வளவு தீர்க்கும் என்பதை அளக்கும் அளவுக்கு உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்று பெயர். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு இலங்கையில் அனுமதி லீற்றருக்கு 30 மில்லிகிராம். சுத்திகரிக்காத ஊறல் தண்ணீரில் அது ஆயிரத்தைத் தாண்டுவது உண்டு.

இங்கே ஆலைக்காரருக்கு உண்மையான தெரிவுகள் இருக்கின்றன:

1. ஊறும் நேரம். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் நெல் புளிக்கும், அரிசியில் வாடை ஏறும், கழிவுநீரின் கனமும் கூடும். 65 முதல் 70 பாகை வெந்நீரில் சில மணித்தியாலங்களில் ஊறிவிடும். வெந்நீருக்கு எரிபொருள் ஆலைக்குள்ளேயே இருக்கிறது.

2. உமி. 1000 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 200 கிலோ உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் ஊறவும் அவியவும் உலரவும் வேண்டிய வெப்பம் கிடைக்கும். விறகு வெட்ட வேண்டாம். ஆலை ஓரத்தில் குவித்துத் தீ மூட்டிவிட்டால் அதே உமி அயலவரின் கொடியில் காயும் உடுப்பில் கரியாக வந்து விழும்.

3. சாம்பல். 200 கிலோ உமியிலிருந்து 40 கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பங்கு சிலிக்கா. சதுப்பில் கொட்டினால் கேடு. செங்கல்லிலும் சீமெந்திலும் கலக்கலாம். குறைந்த காற்றில் கருக்கி எடுத்தால் உமிக்கரியாகும், மணல் மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காரைதீவிலிருந்து களுவாஞ்சிகுடி வரையிலான கடற்கரை மணலில் தோட்டம் செய்பவர்களுக்கு இது நல்ல சரக்கு.

4. சுத்திகரிப்பு. அடைய விடும் தொட்டி, அதன்பின் காற்றுப் புகாத தொட்டி, அதன்பின் செடி வளரும் ஆழமற்ற குளம். காற்றுப் புகாத தொட்டியில் வரும் வாயுவை எரிக்கலாம். பெரிய ஆலைக்கு இந்தச் செலவு கட்டும், செய்யாமலிருக்க அதற்கு நியாயம் இல்லை. நாளுக்குச் சில மூடை குற்றும் சிறு ஆலைக்குக் கட்டாது. அவர்களை வழக்குப் போட்டு மூடினால் நெல் பெரிய ஆலைகளின் கைக்குள் போய் விலை அவர்கள் சொல்வதுதான் என்றாகும். அடுத்தடுத்து இருக்கும் ஆலைகளுக்குப் பிரதேச சபை பொதுவான சுத்திகரிப்பு ஏற்பாடு ஒன்றைச் செய்து கட்டணம் அறவிடுவதே நியாயமான வழி.

வீட்டு வாளியில் பார்த்ததேதான் இங்கேயும் நடக்கிறது. உமி, சாம்பல், ஊறல் தண்ணீர் மூன்றும் தனித்தனியாக இருக்கும்போது மூன்றுக்கும் பயன் உண்டு. ஒரே வாய்க்காலில் கலந்ததும் மூன்றும் கழிவு.

## கடதாசி, சீனி, நெசவு, ஹோட்டல்

வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956 இல் இந்தப் பகுதி வைக்கோலை மூலப்பொருளாக வைத்துத் தொடங்கப்பட்டது. எரிக்கிற வைக்கோல் கடதாசியாகும் என்பது அருமையான எண்ணம். ஆனால் வைக்கோலில் சிலிக்கா அதிகம். கூழ் காய்ச்சிய பின் மிஞ்சும் கறுப்புத் திரவத்திலிருந்து இரசாயனங்களை மீட்டெடுப்பதை அது கடினமாக்கும், மீட்காத திரவம் கழிவாகும். மூடிக் கிடந்த ஆலை 2021 இல் கழிவுக் கடதாசியைக் கொண்டு மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆகவே பாடசாலைகளும் அலுவலகங்களும் வீசும் கடதாசிக்கு மாவட்டத்துக்குள்ளேயே ஓர் ஆலை உண்டு, அது காய்ந்ததாகவும் குழம்பு படாததாகவும் இருந்தால்.

ஹிங்குரான சீனி ஆலை போன்ற கரும்பு ஆலைகளில் சக்கையே கொதிகலனின் எரிபொருள். சிக்கல் வருவது வெல்லப்பாகிலிருந்து மதுசாரம் வடிக்கும் இடத்தில்தான். அதன் கழிவுநீர் அரிசி ஆலையினதைவிடப் பல மடங்கு கனமானது, கவனமும் அங்கேதான் வேண்டும். மருதமுனைக் கைத்தறிக்கு மின்சாரம் அதிகம் வேண்டாம், சாயத் தொட்டியின் தண்ணீர்தான் பார்க்க வேண்டியது.

பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் உல்லாசப் பயணிகள் குவிவது கோடையில், அதாவது நீர்நிலைகள் வற்றி முகத்துவாரங்கள் அடைபட்டிருக்கும் மாதங்களில். அந்த நேரத்தில் விடும் கழிவுநீர் கழுவுண்டு போக வழியில்லை. அறைக்கு அறை தண்ணீர்ப் போத்தல் வைப்பதை நிறுத்தி வடிகட்டிய நீரைக் கண்ணாடிப் போத்தலில் கொடுப்பது ஹோட்டல்காரருக்கு நாளைக்கே முடிகிற காரியம்.

## உரிமம் யார் கொடுப்பது, யாரைக் கேட்பது

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 திருத்தமும் இரண்டு கருவிகளைத் தருகின்றன.

ஒன்று சுற்றாடல் தாக்க மதிப்பீடு. பெரிய வேலை தொடங்குமுன் அதன் விளைவை ஆராய்வது. அது எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒலுவிலே சாட்சி. கிழக்குக் கரையில் அலை மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறது. 2013 இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்பு அந்த ஓட்டத்தை மறித்தது. வாயில் மணல் நிரம்பிப் படகு போக முடியாமல் ஆனது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையை, தென்னந்தோப்போடு, கடல் தின்றது.

மற்றது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். அரிசி ஆலை, சாயத் தொழில், பெரிய ஹோட்டல் போன்றவை இது இல்லாமல் இயங்கக் கூடாது. மாசு அதிகமான தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும், குறைந்தவற்றுக்கு உள்ளூராட்சி சபையும் வழங்கும். உரிமத்தில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும்: எந்த நேரத்தில் இயங்கலாம், கழிவுநீரை எங்கே விடலாம், எந்த அளவுக்குள். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை, ஆலைகள் மட்டும் ஏன் தப்புகின்றன என்பதை, சந்தியில் நின்று கேட்பதைவிட எழுத்தில் கேட்பது பலன் தரும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் பிரதேச சபைக்கோ மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கோ தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியவை:

1. இன்ன ஆலைக்கு நடப்பு உரிமம் உண்டா, எந்தத் திகதி வரை?
2. உரிமத்தின் நிபந்தனைகளின் பிரதி.
3. கடைசியாகக் கழிவுநீரைப் பரிசோதித்த திகதியும் முடிவும்.
4. சபை சேகரிக்கும் குப்பையில் எவ்வளவு பிரித்து எடுக்கப்படுகிறது, எவ்வளவு கலந்து கொட்டப்படுகிறது, எங்கே?

தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.